முட்டை வட்டத்துக்குள் உயிரோடு ஒருவர்

வராத ஆளை எஃபெக்ட் போட்டு வரவழைத்துவிடலாம் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். தஞ்சாவூருக்குப் பதினைந்து நாள் பஸ் ஏறிப் போய்ப் படித்து, சான்றிதழ் வாங்கி, அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டு மாட்டியவன் நம்பிய நம்பிக்கை இது.

அப்போது வலங்கைமானில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தேன். அதுவரை கேசட்டில் எடுத்து, இரண்டு வி.சி.ஆரை இணைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டில் எல்லாம் சி.டி. பிளேயர் வந்து உட்கார்ந்ததும், முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, என்னை வகுப்புக்கு அனுப்பினார்.

வகுப்பில் டிரான்சிஷன் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு காட்சி போய் அடுத்த காட்சி வருவதற்கு நடுவில் செய்கிற வித்தை. ஆங்கிலப் பெயர்கள் மண்டையில் நிற்கவில்லை. நோட்டில் நானே பெயர் வைத்துக்கொண்டேன். காட்சி காகிதம்போல் மடிந்து போனால் ‘இலை’. அடியிலிருந்து மேலே தூக்கித் திறந்தால் ‘மதகு’. பெட்டியின் நான்கு பக்கமாகி உருண்டால் ‘பெட்டி’. பெயர்கள் வரிசையாகக் கீழிருந்து மேலே ஓடும் டைட்டிலுக்கு ‘சிட்டா’.

முதலாளிக்கும் இந்தப் பெயர்கள் பிடித்துப்போயின. “இலை மட்டும் கல்யாணத்துல உள்பக்கமாத்தான்யா மடியணும். வெளிப்பக்கம் மடிஞ்சுது, பொண்ணு வீட்டுக்காரன் வெட்டிப்புடுவான்” என்றார். சாப்பிட்ட இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில்தான். மென்பொருள் எழுதினவனுக்கு அதெல்லாம் தெரியுமா? அவன் இரண்டு பக்கமும் மடிய விட்டிருந்தான். நான் ஒவ்வொரு இலையையும் சரிபார்த்து மடித்தேன். இந்த ஜாக்கிரதைதான் எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரில் ஒரு நிக்காஹ். வீடியோ நாங்கள்தான் எடுத்தோம். பெண்ணின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வளைகுடாவில் ஒரு கடையில் வேலை. லீவு கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் பெண்ணின் தாய்மாமா. கடைத்தெருவில் கைலிக்கடை வைத்திருந்தார். நிக்காஹ் முடிந்த மறுநாள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு எங்கள் கடைக்கு வந்தார்.

“தம்பி, மச்சானால வர முடியல. இதுல எங்கயாச்சும் அவரையும் சேத்துடுங்க. ஞாயித்துக்கெழம நம்ம ஆளு ஒருத்தரு பிளைட் ஏறுறாரு. அவருகிட்ட சி.டி. குடுத்து அனுப்பணும். பெத்த மகளோட கல்யாணத்த அவரு அதுலதான் பாக்கப் போறாரு.”

“கவலைய விடுங்க பாய். மச்சான் மேடையில நிக்கிற மாதிரியே பண்ணிப்புடலாம்” என்றேன். வாய் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

எனக்கு ஒரு சங்கடமும் இருந்தது. பெண்கள் பக்கம் கேமராவை அதிகம் விடவில்லை. மணப்பெண் வரும் காட்சி என் கையில் இருந்ததே மொத்தம் பதினோரு நிமிடம். நீளம் போதாததை நகாசு வேலையால் சரிக்கட்டினேன். பெண் தலை நிமிர்ந்தால் இலை. புன்னகைத்தால் மதகு. அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதால் பெட்டி.

அத்தாவின் போட்டோவுக்குத்தான் கைவசம் இருந்த மொத்த வித்தையையும் இறக்கினேன். முட்டை வடிவ வட்டம், ஓரமெல்லாம் பஞ்சுபோல் மங்கல், பின்னால் நீல மேகம், அதிலிருந்து கதிர் கதிராக வெளிச்சம். அவர் மெல்ல மேலே எழும்பி வருவார். பெயர் தங்க எழுத்தில் ஒவ்வொன்றாக விழும். கடைசியில் எல்லாம் வெண்மையாகிக் கரைந்துபோகும். இதை ரெண்டர் செய்ய, அதாவது ஓடும் படமாக்கித் தர, கம்ப்யூட்டர் அரை நாள் முக்கியது. சி.டி.யைச் சனிக்கிழமை கொடுத்தேன். ஞாயிறு அது பறந்துவிட்டது.

திங்கட்கிழமை, மயிலாடுதுறைக்குப் போயிருந்த முதலாளி திரும்பி வந்தார். பெருமையாகப் போட்டுக் காட்டினேன். மேகம் வந்தது. அத்தா எழும்பினார். முதலாளி தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“பாவம்யா. எப்பத் தவறுனாரு?”

“யாரு?”

“இவருதான்.”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கடையில் அந்த முட்டை வட்டத்துக்குள் அதுவரை போனவர்கள் எல்லாருமே போய்ச் சேர்ந்தவர்கள். கல்யாண வீடியோவின் ஆரம்பத்தில் காலமான தாத்தா, பாட்டியைக் காட்டுவதற்காகவே நான் செய்து வைத்திருந்த வார்ப்பு அது. இலையை உள்பக்கம் மடிக்கத் தெரிந்த நான், உயிரோடு இருக்கும் மனுஷனை மேகத்தில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அதுவும் அவருக்கே!

எட்டு பேர் தங்கும் அறையில், மற்றவர்கள் முன்னால், தன் சொர்க்கப் பயணத்தைத் தானே பார்க்கும் ஒரு மனிதரை நினைத்துப் பார்த்தேன். அவருக்கு நெஞ்சு அடைத்து, எஃபெக்ட் உண்மையாகிப் போவதையும் நினைத்துப் பார்த்தேன். என் மூளை இந்த மாதிரி விஷயங்களை ரெண்டர் செய்ய அரை நாள் எடுத்துக்கொள்வதில்லை.

முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று தாய்மாமா கடைக்குப் போனேன். “வாங்க தம்பி, என்ன வேணும்?” என்றார். “கைலி” என்றேன். செவ்வாய்க்கிழமையும் போனேன். அன்றைக்கும் கைலிதான். புதன்கிழமை அவரே கேட்டார்: “வீட்ல ஏதாவது விசேஷமா தம்பி?”

வியாழக்கிழமை என்னைக் கடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

“ஒக்காருங்க. மச்சான் போன் போட்டாரு. உங்களப் பத்திதான் பேச்சு.”

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கொட்டிவிட்டேன். வட்டம், மேகம், தாத்தா, பாட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“என்னது, மௌத்தானவங்களுக்குப் போடுறதையா எங்க மச்சானுக்குப் போட்டீங்க?”

“தெரியாமப் பண்ணிட்டேன் பாய்.”

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அத அவரு பாக்கவே இல்ல தம்பி. டைட்டில் எல்லாத்தையும் ஓட்டிவிட்டுட்டு நேரா பொண்ணு வர்ற எடத்துக்குத்தான் போயிருக்காரு.”

அப்பாடா என்று நிமிர்ந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது.

“ஆனா ஒரு வருத்தம். எம்புள்ள மொகத்த நல்லாப் பாக்க விட மாட்டேங்குறானேன்னாரு. பாக்க ஆரம்பிச்சா சுருட்டிக்கிட்டுப் போவுது, திரும்பப் பாத்தா உருண்டு போவுதுன்னாரு. அது அழுவுற எடத்த மட்டும் ஏழெட்டுத் தடவ திருப்பித் திருப்பிப் போட்டாராம். பெட்டிதான் சுத்துதாம். ஒண்ணும் பண்ணாம, எடுத்தது எடுத்தபடி கெடைக்குமான்னு கேக்குறாரு.”

கிடைக்கும் என்றேன்.

எடுத்த கேசட் கடையில்தான் இருந்தது. பெண் வரும் பதினோரு நிமிடத்தை, நடுவில் கேமரா ஆடியதும் யாரோ ஒரு பெண்மணி குறுக்கே போனதும் உள்பட, அப்படியே சி.டி.யில் ஏற்றினேன். டைட்டில் போடவில்லை. அடுத்து நன்னிலத்திலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பிய ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போனார். பெண்ணின் அத்தா அதைப் பார்த்தார்.