தங்கையார் காத்த பிள்ளைத்துடக்கு

எங்கள் தங்கையார் சிவபதமடைந்து இன்றுடன் முப்பத்தொரு நாள்கள் நிறைவுறுகின்றன. அந்தியேட்டிக் கிரியைகளுக்கு வந்திருக்கும் உற்றார் உறவினர் கைகளில் இந்நினைவு மலரை வைக்கும்போது, மூத்த சகோதரன் என்ற முறையில் எனக்கொரு கடமை உண்டு. தங்கையார் திருமணம் செய்யாதவர். அவர் ஓராண்டு நவராத்திரிக் காலத்தில் தமக்குப் பிள்ளைத்துடக்கு, அதாவது பிள்ளை பிறந்த வீட்டாருக்குரிய தீட்டு, என்று கூறிக் கோயிலுக்கு வராதிருந்தார் என்ற செய்தி, ஸ்காபரோவிலிருந்து மொன்றியால் வரை பலவிதமாகப் பேசப்பட்டது. நடந்ததை, அதனோடு தொடர்புடைய குடும்பத்தினரின் சம்மதத்துடன் இங்கே அச்சில் நிலைநிறுத்துகிறேன். இதில் மறைக்கத்தக்கது ஏதுமில்லை.

தங்கையார் வடமராட்சியில், தபாலதிபராகப் பணியாற்றிய எங்கள் தந்தையாருக்குக் கடைசி மகளாகப் பிறந்தார். கல்லூரியில் விஞ்ஞானம் கற்று, யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சியும் பிரசவப் பயிற்சியும் பெற்றார். குண்டுவீச்சுக் காலத்தில் அகதிகள் நிறைந்த பாடசாலை மண்டபங்களில், சேலையை மறைப்பாகக் கட்டிப் பிரசவம் பார்த்தார். கனடாவுக்கு வந்தபின் பகலில் தொழிற்சாலையில் நின்றவாறே இங்குள்ள பரீட்சைகளுக்குப் படித்து, மீண்டும் தாதியானார். அஜின்கோர்ட்டில் எங்கள் இல்லத்திலேயே வாழ்ந்தார். ரொறன்ரோவின் வைத்தியசாலையொன்றில் சிலகாலம் கடமையாற்றியபின், கர்ப்பிணிகளை வீடு வீடாகச் சென்று பார்க்கும் பணியை விரும்பி ஏற்றார். அவருடைய பராமரிப்பில் இருந்தோரிற் பலர் இந்நாட்டின் ஆதிக்குடியினர்.

எமது மக்கள் பலர் அறியாத ஒன்றை இங்கே கூறவேண்டும். ஆதிக்குடிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிப் பள்ளிகளில் அடைத்து வளர்க்கப்பட்டார்கள். அங்கே அவர்களது மொழிக்கு அடி விழுந்தது. அதிலும் கொடியவை நடந்தன. அப்படி வளர்ந்தவர்கள் தாமே பெற்றோராகும் வேளையில் சிறுவயதுப் பயம் திரும்பி எழுகிறது. "வயித்தில பிள்ளை வளர வளரப் பழைய பயமும் வளருது, அண்ணை" என்று தங்கையார் ஒருநாள் என்னிடம் கூறினார். இரண்டையும் சேர்த்தே பராமரிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. அழைப்பு மணியை அடித்துவிட்டு, உள்ளிருந்து அனுமதி வரும்வரை வெளியே நிற்பார். தொடுமுன் கேட்பார். சிறுவயதில் என்ன நடந்தது என்று மட்டும் அவராக ஒருபோதும் கேட்டதில்லை. சொல்ல விரும்பியவர் சொல்லட்டும், சொல்லாதவருக்கும் அதே கவனிப்புக் கிடைக்கட்டும் என்பார்.

மல்வேர்ன் பகுதியில் மாடிக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த லொரெய்னும் அவர் கணவர் றேமண்டும் அப்படித்தான் எங்கள் வாழ்வுக்குள் வந்தார்கள். இருவரும் வடக்கிலிருந்து வந்த கிரீ என்னும் ஆதிக்குடியினர். அவர்களுடைய முதல் மகன் பிறந்த வைத்தியசாலையிலிருந்தே சிறுவர் பாதுகாப்பு அலுவலரால் எடுத்துச் செல்லப்பட்டிருந்தான். தாய் எவரோடும் பேசவில்லை, தகப்பன் பிரசவ அறைக்கே வரவில்லை, இவர்களுக்குப் பிள்ளையில் பற்றில்லை என்பது அப்போது கண்ட முடிவு. இரண்டாவது பிள்ளையும் அவ்வாறே பறிபோகும் என்ற அச்சத்தில் லொரெய்ன் தொட்டில்கூட வாங்காதிருந்தார்.

தங்கையார் பலநாள் அங்கே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார். ஒருநாள் றேமண்ட் தாமாகவே வாய்திறந்தார். முதற் பிள்ளை பிறந்தபோது தாம் எங்கும் போய்விடவில்லை என்றார். வைத்தியசாலைக்கு எதிரேயுள்ள பஸ் தரிப்பிடத்திலேயே நின்றிருக்கிறார். வைத்தியசாலையின் நீண்ட நடைபாதையும், தரை கழுவும் மருந்தின் மணமும், எவரும் தட்டாமல் திறக்கும் கதவுகளும் அவரைத் தமது விடுதிப் பள்ளிக்கே கொண்டுபோயின. பள்ளியில் இரவில் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. தங்கையாரும் கேட்கவில்லை.

மறுவாரமே தங்கையார் பிரசவப் பகுதியின் தலைமைத் தாதியைச் சந்தித்து ஓர் ஏற்பாட்டைச் செய்தார். லொரெய்ன் படுக்கும் அறையின் கதவு றேமண்டின் பொறுப்பு. மருத்துவரானாலும் தட்டவேண்டும், பெயர் சொல்லவேண்டும், அவர் திறந்தால் மாத்திரம் உள்ளே வரவேண்டும். பிரசவத்துக்கு முன்பே இருவரையும் அந்த அறைக்கு அழைத்துச் சென்று, கதவைத் திறந்தும் மூடியும் பார்க்க வைத்தார்.

பிள்ளை பிறந்த அன்று றேமண்ட் பஸ் தரிப்பிடத்துக்குப் போகவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அந்தக் கதவைக் காத்து நின்றார். பெண் குழந்தை பிறந்தது. முதலில் வாங்கியவை அவருடைய கைகள். சிறுவர் பாதுகாப்பு அலுவலர் வந்தபோது அவரும் தட்டவேண்டியிருந்தது. றேமண்ட் மகளை மார்போடு அணைத்தபடியே கதவைத் திறந்து, தம் பெயரைச் சொல்லி, அவருடைய பெயரைக் கேட்டார்.

ஆயினும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் நடைபெற்றது. லொரெய்னின் சின்னம்மா வடக்கிலிருந்து வந்துசேர நாளெடுக்கும். அதுவரை தாயோடு இருக்கப்போவது யார் என்ற கேள்வி எழுந்தது. தங்கையார் எழுந்து, தாம் வருடாந்த விடுமுறை எடுத்துவிட்டதாகவும், தாமே இருக்கப்போவதாகவும் அறிவித்தார். தாதியாகவா என்று கேட்டார்கள். இல்லை, இந்தக் குடும்பத்தின் உறவினராக என்றார். பிள்ளை வீட்டுக்குப் போனது.

அது நவராத்திரி தொடங்கும் வாரம். நான் அப்போது கோயில் பரிபாலன சபைத் தலைவர்; விழாவில் காளாஞ்சி என்னும் கோயில் மரியாதையைப் பெறுபவர். தங்கையார் ஆண்டுதோறும் முதல்நாள் தேவாரம் பாடுபவர். அவ்வாண்டு பாட வரவில்லை. காரணம் கேட்ட பெண்களிடம் துடக்கென்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்ன துடக்கென்று மேலும் கேட்டபோது, பிள்ளைத்துடக்கு என்றிருக்கிறார். அன்று மாலையே எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஓர் அன்ரி, பெயர் வேண்டாம்.

"குறை நினையாதேங்கோ சேர். உங்கட வீட்டில ஆருக்குப் பிள்ளை பிறந்தது?"

விசாரித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டேன். தங்கையார் மல்வேர்னிலிருந்து திரும்பியதும் கூப்பிட்டு விசாரித்தேன்.

"கூட்டத்தில நான் ஆரெண்டு கேட்டவை, அண்ணை. சொந்தம் எண்டு சொல்லிப்போட்டன். சொன்னாப் பிறகு துடக்குக் காக்காமல் கோயிலுக்கு வந்தால், நான் அங்க சொன்னது பொய்யாப் போகுமெல்லோ?"

"உனக்குத் துடக்கெண்டால் எனக்கு?"

"உங்களுக்கும்தான். நீங்கள் என்ரை அண்ணையெல்லோ." அதன்பின் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காளாஞ்சி வருசா வருசம் வரும்."

துடக்கு என்பது உரித்துடையோர் காப்பது. பிறப்பென்றாலும் இறப்பென்றாலும் கோயிலை நீங்கி நின்று, இந்த உயிர் எங்களுடையது என்று ஊரறியச் சொல்வது. தங்கையார் ஒரு சபையில் எங்கள் குடும்பத்தின் பெயரால் ஒரு சொல் கொடுத்திருந்தார். எங்கள் தந்தையார் வீட்டில் கொடுத்த சொல் பொய்த்ததில்லை. உபதலைவரை அழைத்து விழாப் பொறுப்பை ஒப்படைத்தேன். பின்னர் அந்த அன்ரிக்கு நானே தொலைபேசி எடுத்தேன்.

"ஓம். எங்கட வீட்டில பிள்ளை பிறந்திருக்கு. பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்."

 அந்த அன்ரி, "அப்ப சரக்கு இடிச்சாச்சோ?" என்று கேட்டார்.

மறுநாள், பிள்ளைபெற்ற தாய்க்கென மிளகும் மல்லியும் மஞ்சளும் இடித்துச் சேர்த்த காயச்சரக்கு ஒரு பெரிய போத்தலில் எங்கள் வாசலுக்கு வந்தது. தங்கையார் அதிற் குழம்பு வைத்து மல்வேர்னுக்குக் கொண்டுபோனார். லொரெய்ன் ஒரு கவளம் உண்டு கண்ணீர் வடித்து, இதை முன்னமே தந்திருந்தால் பிரசவம் அரைமணியில் முடிந்திருக்குமே என்றாராம். அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்ததைத் தாம் கண்டது அன்றுதான் என்று தங்கையார் கூறினார்.

பிள்ளையை எவரும் எடுத்துச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு மூத்த மகனும் பெற்றோரிடம் திரும்பி வந்தான். கதவைத் தட்டிப் பெயர் சொல்லும் முறை அந்தப் பிரசவப் பகுதியில் எல்லாத் தாய்மாருக்கும் உரிய ஒழுங்காயிற்று. றேமண்ட் பின்னர் தகப்பனாகப்போகும் ஆதிக்குடி இளைஞர்களைக் கூட்டி வைத்துப் பேசத் தொடங்கினார். முதற் கூட்டத்தில் தங்கையார் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். மேடைக்கு அழைத்தும் போகவில்லை.

இவ்வாண்டு தங்கையார் நோயுற்று வைத்தியசாலையிற் படுத்திருந்த நாள்களில், வேலை முடிந்ததும் றேமண்ட் வந்து அறைக் கதவருகே கதிரையைப் போட்டு அமர்வார். அவசரமாக உள்ளே நுழைந்த இளம் மருத்துவர் ஒருவரை மரியாதையாக வெளியே அழைத்து, தட்டிவிட்டு வரச் சொன்னார். தங்கையார் கட்டிலில் இருந்தபடியே, "வரச்சொல்லுங்கோ" என்று தமிழில் அனுமதி கொடுத்தார். மருத்துவருக்கு அது விளங்கவில்லை. றேமண்டுக்கு விளங்கிற்று, கதவைத் திறந்தார்.

தங்கையாரின் இறுதிக்காலத்தில் அன்புடன் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், கிரியைகளை முறைப்படி நடத்திய சிவாச்சாரியாருக்கும், செய்தியறிந்த நாள்முதல் உணவு சமைத்து அனுப்பிய அயலவருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும், தூர நகரங்களிலிருந்து பனியில் வாகனமோட்டி வந்தோருக்கும், காயச்சரக்கு இடித்துத் தந்த அந்த அன்ரிக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி உரியது.

மரணச்சடங்கு முடிந்த அன்று, எத்தனை நாள், எவற்றை நீக்கவேண்டும் என்று லொரெய்ன் என்னிடம் கேட்டார். சொன்னேன். இந்த முப்பத்தொரு நாளும் அவர்கள் வீட்டில் மாமிசம் சமைக்கப்படவில்லை. இடையில் வந்த தங்கள் மக்களின் முரசடித்து ஆடும் கூடலுக்கும் அவர்கள் போகவில்லை. துக்கத்தில் இருப்போர் ஆடுவதில்லை என்பது தங்களிடமும் உள்ள வழக்கம் என்று றேமண்ட் கூறினார். அவர்களுடைய மகளின் பெயர் இம்மலரில் தங்கையாரின் பெறாமக்கள், அதாவது உடன்பிறந்தாரின் பிள்ளைகள், வரிசையில், பிறந்த ஒழுங்கின்படி அச்சிடப்பட்டிருக்கிறது.

மேலே நன்றி கூறப்பட்டோருள் அக்குடும்பத்தினரின் பெயர் இல்லாததைச் சிலர் கவனித்திருக்கலாம். அது அச்சுப்பிழை அன்று. துடக்குக்காரருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.