சின்ன வாத்தியாருக்கு நான் பார்த்துக் கொடுத்த வீடு

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. ஜொகூரில் பாலோ ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம் உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்தான் பெரிய வாத்தியார். பேர்தான் பெரிசு. அத்தாப்பு ஓலைக் கூரை, எண்பது பிள்ளைகள், எனக்குத் துணையாக ஒரே ஒரு சின்ன வாத்தியார். அந்த ஒருத்தரும் நிலைக்க மாட்டார்.

எப்படி நிலைப்பார்? விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியோடு நின்று வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது முடிந்த பிறகுதான் பாடம். சாப்பாடு கங்காணி வீட்டில், மிச்சம் மீதி என்ன இருக்கிறதோ அது. மூன்று வருஷத்தில் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினார்கள். ஒருத்தர் கொடியில் காய்ந்த வேட்டியைக்கூட எடுக்கவில்லை.

ஐந்தாவதாக வந்தவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். இருபத்து நாலு வயது இருக்கும். அடேயப்பா, என்ன வாத்தியார் அவர்! ரப்பர்க் கொட்டைகளைப் பரப்பி வைத்து அவர் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், நானே வகுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். மரத்தில் பால் வெட்டப் போய்விட்ட பிள்ளைகளை, கூலிகள் குடியிருந்த லயம் லயமாகப் போய்க் கெஞ்சித் திரும்பக் கூட்டிவந்தார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நாலாம் மாதம் அவர் முகம் வாடத் தொடங்கியது. கல்யாணமாகி ஒரு மாதத்தில் கப்பல் ஏறியவர். பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் இருக்கிறதாம் என்று மெதுவாகப் பேச்சை விட்டார். இவரையும் விட முடியாது என்று கங்காணியிடம் போனேன்.

அவர்தான் வழி சொன்னார். "பொண்டாட்டிய வரவழைச்சு விடுங்க வாத்தியாரே. குடும்பஸ்தன் பெட்டியத் தூக்கிட்டு ஓட மாட்டான்லா."

துரையிடம் போய் வீடு கேட்டேன். காலியாக இருந்தது ஒன்றே ஒன்று, ஓடைக்கரையில், சதுப்பை ஒட்டினாற்போல். அங்கே குடியிருந்தவர்கள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்ததால், மிச்சப் பேரை மேட்டு லயத்துக்கு மாற்றிவிட்டுக் கதவில் ஆணி அடித்திருந்தார்கள். அந்த வாசலிலிருந்து போன இரண்டு பாடைக்கு நானும் தோள் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆணியைப் பிடுங்கினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஊரில் அவர் மாமனார், பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பத் தயங்கினாராம். யாராவது பெரிய மனுஷர் பொறுப்பாக எழுதினால் அனுப்புவாராம். எழுதினேன். தனி வீடு, வாசலிலேயே தண்ணீர், தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி. ஒரு வரி பொய் கிடையாது பாருங்கள், அதுதான் என் கெட்டிக்காரத்தனம்! மேட்டில் என் வீட்டிலேயே ஓர் அறை சும்மா கிடந்தது. அதைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது. வந்த வாரமே என்னை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பலகாரம் செய்தால் எனக்கும் ஒரு கிண்ணத்தில் வரும். சின்ன வாத்தியார் பட்டணத்துப் பேச்சையே விட்டுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கொசு பிடுங்கி எடுக்குதுண்ணே. மேட்டுல ஒரு வீடு கெடைக்காதா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"புகை போடும்மா. போகப் போகப் பழகிடும்" என்றேன்.

அவள் வந்த ஐந்தாம் மாதம் காய்ச்சல் கண்டது. அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கொடுத்த கொயினா மருந்து வயிற்றில் தங்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம், பிறகு வேர்வை. மூன்றாவது தடவை நினைவு தப்பியது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டிரசர் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "அந்த வீட்டைத் தொறந்து விட்டது யாருங்க?" என்று கேட்டார்.

"துரை குடுத்தாரு" என்றேன். பாவி, அப்போதும் எனக்கு உண்மை வரவில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய்விட்டாள். வயிற்றிலிருந்த பிள்ளையும் போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சின்ன வாத்தியாரிடம், "பட்டணத்துக்குப் போயிடுங்க, நானே எழுதித் தர்றேன்" என்று சொன்னேன். அதையாவது செய்வோம் என்று நினைத்தேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அவளை இங்க தனியா விட்டுட்டு எங்கய்யா போவேன்?"

அவரை என் வீட்டுக்குக் கூட்டி வந்து, சும்மா கிடந்த அந்த அறையில் தங்க வைத்தேன்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் படித்துக் காட்டியதைக் கேட்டு அசந்து போனார். பிள்ளைகள் முன்னாலேயே என்னைப் பார்த்து, "எங்க போனாலும் வாத்தியார் நிக்க மாட்டேங்கிறாங்கன்னு அழறாங்க. இவ்ளோ நல்ல வாத்தியாரை இந்தக் காட்டுக்குள்ள எப்படிங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க? மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றார்.

சின்ன வாத்தியார்தான் முன்னால் வந்து பதில் சொன்னார்.

"கூடப் பொறந்தவங்க மாதிரி பாத்துக்கிட்டாங்க சார். வீடு பாத்துக் குடுத்து, என் சம்சாரம் வர்றதுக்குக் கடிதாசி எழுதினதே இவங்கதான்."

இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் வரும் வரைக்கும் ஒன்பது வருஷம் அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டோம், ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினோம். அந்த வீட்டின் கதையை ஒரு நாளாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் போய்விடுவாரே என்ற பயம் என்னைக் கடைசி வரைக்கும் விடவில்லை; என் பள்ளிக்கூடத்துக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே சமாதானப்படுத்திப் பார்க்கிறேன், ஒரு நாளும் மனசு ஆறவில்லை.