பெரியம்மாவுக்கு எங்கே அறை போடுவது

அந்த ஓட்டலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜரிலிருந்து வாசல் காவல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் மடிப்பக்காதான். அறை அறையாகப் போய்ப் படுக்கை விரிப்பது அவள் வேலை. விரிப்பின் மூலையைத் தூக்கி, ஒரு சாய்ப்புச் சாய்த்து, மெத்தைக்கு அடியில் அவள் செருகிவிட்டால், படுக்க வருகிறவர் இரண்டு கையாலும் இழுத்தால்தான் பிரியும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "அக்கா, ராத்திரி தூங்க வர்றவன் மல்லுக்கட்டணுமா?" என்று கேலி செய்வார்கள். "மல்லுக்கட்டினா நல்லாத் தூக்கம் வரும்டி" என்பாள்.

கல்யாணமான புதிதில் சேர்ந்த வேலை அது. புருஷன் கார் பட்டறையில் டிங்கர். நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டித் தட்டிக் காது மந்தித்துப் போய், வீட்டில் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். ஒரே மகள். அந்த மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நேரத்தில்தான் தங்கையின் புருஷன் தவறிப்போனான். தங்கை நர்சுக்குப் படித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்ததும் கைக்குழந்தையை அக்கா மடியில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். "ரெண்டே வருஷம்க்கா. வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். இரண்டு நாலாகி, நாலு பத்தாகிவிட்டது.

பையன் மடிப்பக்காவின் முந்தானையிலேயே வளர்ந்தான். பல் முளைத்ததும் அங்கேதான், முளைத்த பல் விழுந்ததும் அங்கேதான். தங்கை லீவில் வருவாள், பொம்மை வாங்கி வருவாள், போகும்போது அழுவாள். கடைசியில் ஒரு தடவை வந்து அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு மடிப்பக்கா விமான நிலையத்துக்குப் போகவில்லை. டியூட்டி இருக்கிறது என்று சொன்னாள். டியூட்டி இருக்கவும்தான் செய்தது. அன்று அவள் விரித்த படுக்கைகளை எல்லாம் மேற்பார்வையாளர் திரும்ப விரிக்கச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

அதற்கப்புறம் அக்கா தங்கைக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. போனில் பேசுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் இரண்டு பேரும் சூடான பாத்திரத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றியே போவார்கள்.

இப்போது அந்தப் பையனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் ஒரு நாட்டில், இவன் அம்மா ஒரு நாட்டில், இவனும் அந்தப் பெண்ணும் வேலை பார்ப்பது இன்னொரு நாட்டில். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத நாலாவது நாடு ஒன்றில், கடற்கரையோரமாகக் கல்யாணம் என்று முடிவாயிற்று. "அதாவது, எல்லாருக்கும் சமமா அலைச்சல்" என்றார் டிங்கர்.

தங்கை போன் செய்தாள். "அக்கா, நாங்க ஒரு மாடி வீடு வாடகைக்கு எடுத்திருக்கோம். அவனும் நானும், அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் அங்க இருப்போம். வர்றவங்களுக்கெல்லாம் கடலுக்குப் பக்கத்துல ஓட்டல்ல ரூம் சொல்லி வெச்சிருக்கு. உனக்கும் மாமாவுக்கும் எங்க போடட்டும்?"

மடிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்தன்று காலையில் அந்தப் பையன் கண் விழிக்கும் வீட்டில் தானும் இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதைப் போய்த் தங்கை கேட்டுத் தெரிந்துகொள்வதா? விருந்தாளியைத்தானே எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் மகள் ஆபீஸிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு அந்த ஊர் ஓட்டலை ஆராய்ந்தார்கள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்து அவள் படங்களைத் தள்ளினாள்.

"பாரும்மா, கடல் தெரியுமாம்."

"ஜன்னல்ல இருந்து தெரியுதா, ஜன்னலுக்கு வெளிய கழுத்த நீட்டினா தெரியுதா?"

"அதெல்லாம் போடல. நாலு ஸ்டார்."

"தலகாணிய பாரு, நடுவுல குத்துவிட்ட மாதிரி இருக்கு. போட்டோ எடுக்குறதுக்கே இப்படின்னா, எடுக்காத அன்னைக்கு எப்படி இருக்கும்?"

"அப்ப சித்தி வீட்டுலயே தங்கிடேன். உனக்கு அதுதானே வேணும்?"

டிங்கர் உள்ளே இருந்து கத்தினார்: "அவளுக்கு அதுதான் வேணும். ஆனா வான்னு கூப்பிடணும். கூப்பிடாம போனா கிரீடம் கீழ விழுந்துடும்!"

"உங்க குறட்டைக்கு எந்த வீட்டுலங்க இடம் குடுப்பாங்க?" என்று இவள் பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். மறுநாள் தங்கைக்குப் போன் செய்து, "எங்களுக்கு ஓட்டல்லயே போட்டுடு. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றாள். அந்தப் பக்கம் தங்கை, "சரிக்கா, உன் இஷ்டம்" என்றாள். "ஐயோ, இங்கேயே வாக்கா" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் மடிப்பக்கா உருகி ஓடியிருப்பாள். வரவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்ட பெண், எல்லாருக்குமாகச் சேர்த்துச் சாவி அட்டைகளை வாங்கி, கொத்தாக வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாக நீட்டினாள். பையன் ஓட்டல் வாசலில் காத்திருந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆளே மாறிப்போயிருந்தான்; தாடி வைத்திருந்தான். "பெரியம்மா, வீட்டுல தங்கலையா?" என்றான். "இங்க வசதிப்பா" என்றாள். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதற்குள் யாரோ கூப்பிட, ஓடிவிட்டான்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டலில் உழைத்தவள், ஓட்டல் கட்டிலில் படுத்தது அன்றுதான் முதல் தடவை. தூக்கம் வரவில்லை. யாரோ திடீரென்று கதவைத் திறந்து, "நீ இங்க என்ன பண்ற?" என்று கேட்டுவிடுவார்கள் போல இருந்தது.

காலையில் எழுந்ததும் அவள் கை சும்மா இருக்கவில்லை. தான் படுத்த படுக்கையை இன்னொருத்தி வந்து உதறுவதா என்று கூச்சம். விரிப்பை இழுத்து, நாலு மூலையும் செருகினாள். தலையணையைத் தட்டி நிமிர்த்தினாள். குளியலறையைத் துடைத்து, துண்டைக் காயவைத்து மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். ஓட்டல் சோப்பைப் பிரிக்கவே இல்லை; வீட்டிலிருந்து கொண்டுபோன சோப்பைத் துடைத்து டப்பாவில் போட்டாள். பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். பல் குச்சி ஒன்று கூடக் குப்பைக் கூடையில் கிடக்கவில்லை. அப்புறம் இரண்டு பேரும் கடற்கரைக்கு நடக்கப் போனார்கள்.

மத்தியானம் திரும்பி வந்து அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை. டிங்கர் தகரத்தைத் தட்டுகிற மாதிரி தட்டினார். கதவு திறந்தது. இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக ஒரு வெள்ளைத் தாடிக்காரர் நின்றார்.

"ஏய், நம்ம ரூம்ல யாரோ குளிக்கிறான்!" என்று டிங்கர் போட்ட சத்தத்தில் அந்த வரிசையில் இருந்த கதவெல்லாம் திறந்துகொண்டன.

கீழே வரவேற்பு மேசையில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. சாவிகளைக் கொத்தாகக் கொடுத்ததில், இவர்கள் வந்து சேர்ந்ததைக் கம்ப்யூட்டரில் குறிக்க விட்டுப்போயிருக்கிறது. காலையில் சுத்தம் செய்யப் போன பெண் எட்டிப் பார்த்திருக்கிறாள். ஆள் படுத்த அடையாளமே இல்லை. ஈரமில்லை, குப்பையில்லை, சோப்பும் பிரிக்கவில்லை. வரவேண்டியவர்கள் வரவில்லை போலிருக்கிறது என்று கீழே சொல்லிவிட்டாள். காத்திருந்த வேறொருவருக்கு அறை போய்விட்டது.

அந்தப் பெண்ணையே கூட்டிவந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு. அவள் பேசிய பாஷை மடிப்பக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் அவள் காற்றிலேயே ஒரு விரிப்பின் மூலையைத் தூக்கி, சாய்த்து, செருகிக் காட்டி, "தங்க வந்தவர் இப்படிச் செய்வாரா?" என்கிற மாதிரி கையை விரித்தபோது எல்லாம் புரிந்துவிட்டது. மடிப்பக்கா பதிலுக்கு அதே மாதிரி காற்றில் ஒரு மூலையைச் செருகிக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். நானும் இதே வேலைதான் என்று. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மடிப்பக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிழை தங்கள் மேல்தான் என்று ஏற்பாட்டுக்காரப் பெண்ணிடம் அழுத்திச் சொல்லி, சுத்தம் செய்யும் பெண்ணை அனுப்பிவைத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடுத்தவன் ரூமெல்லாம் துடைச்சுத் துடைச்சு, கடைசியில நம்ம ரூமையே துடைச்சு விட்டுட்டா. இன்னும் கொஞ்சம் அசந்திருந்தா என்னையும் மடிச்சு அலமாரியில வெச்சிருப்பா" என்றார் டிங்கர்.

வேறு அறை இல்லை. ஓட்டல் முழுக்கக் கல்யாணக் கூட்டம். ஏற்பாட்டுக்காரப் பெண் யாருக்கோ போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையே ரப்பர் செருப்போடு ஓடிவந்தான். நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அறை அலமாரியிலிருந்து எடுத்து வந்த பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு, "நடங்க பெரியம்மா, வீட்டுக்கு" என்றான். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

வழியெல்லாம் மடிப்பக்காவுக்கு ஒரே யோசனை. கூப்பிடாத வீட்டுக்குப் பெட்டியோடு போகிறோமே, தங்கை முகம் எப்படி இருக்குமோ?

தங்கை மாடி அறையில் மகனின் கல்யாணச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும், "வா" என்றாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. மடிப்பக்கா கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். தங்கை கையில் இஸ்திரிப்பெட்டி தோள்பட்டைத் தையலில் தடுக்கித் தடுக்கி நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு விரல் துறுதுறுத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

தங்கை நிமிராமலே, "குடுன்னு கேக்க மாட்டியா?" என்றாள்.

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் தங்கை இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவைத்தாள்.

"உன்னை எங்க தங்குறேன்னு வேணும்னுதான்க்கா கேட்டேன். நீ ஓட்டல்னு சொல்லணும்னு வேண்டிக்கிட்டுத்தான் கேட்டேன். சொன்னதும் அழுதுட்டேன்."

"நான் என்னடி உன்னைப் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. என்கிட்ட வந்த பிறகும் அவன் காய்ச்சல் வந்தா பெரியம்மான்னுதான் முனகுவான். தாடி வெச்ச பிறகும் அப்படித்தான். நாளைக்கு ஒரு நாள், காலையில இருந்து மத்தியானம் வரைக்கும், நான் மட்டும் அவனுக்கு அம்மாவா இருந்து பாக்கணும்னு ஆசை. நீ இருந்தா எனக்கு அந்த இடம் கிடைக்காது."

மடிப்பக்காவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இடத்துக்காகத் தானும் இத்தனை நாள் தவித்தது நினைவுக்கு வந்தது. "அன்னைக்கு எனக்கு டியூட்டி இருந்தது நெஜம்தான்" என்றாள் மெதுவாக. "ஆனா மாத்திக்கிட்டிருக்கலாம். அவன் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவான், உனக்குப் பின்னால வர மாட்டான்னு பயந்துதான் வரல."

தங்கை சட்டையின் ஒரு கையை அவள் பக்கம் தள்ளினாள். "இந்தக் கைய நீ போடு. அந்தக் கை என்னுது."

அன்று இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். டிங்கரை மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அறையில் விட்டார்கள்; பொழுது விடிந்ததும் அந்தப் பையன்கள் சிவந்த கண்ணோடு கூடத்துச் சோபாவில் கிடந்தார்கள்.

காலையில் எல்லாரும் எழுந்தாகிவிட்டது, மாப்பிள்ளையைத் தவிர. தங்கை போய் உலுக்கிப் பார்த்தாள். "டேய், இன்னைக்குக் கல்யாணம் உனக்குத்தான்டா!" அவன் சுவர்ப் பக்கமாகப் புரண்டுகொண்டான். வெளியே வந்து கையைப் பிசைந்தாள். "அக்கா, இவன் அசைய மாட்டேங்கிறானே. நீ எப்படி எழுப்புவ?"

மடிப்பக்கா இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டாள். நிலைப்படியில் அப்படியே நின்றாள்.

"நீயே போ. கால்மாட்டுல உக்காரு. உள்ளங்கால்ல கை வைக்காத, உதைப்பான். கணுக்காலைப் புடிச்சுக்கிட்டு, யார்கிட்டயோ பேசுற மாதிரி அவனைப் பத்தித் தப்பாப் பேசு. பொறுக்க மாட்டான்."

தங்கை போய் உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அந்தப் பொண்ணை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு. இவனுக்கு ஒரு பொத்தான் போடத் தெரியாது" என்றாள்.

மூடிய கண்ணோடு அவன், "பொய் சொல்லாதீங்க பெரியம்மா" என்றான்.

"அம்மாடா. நான் அம்மா."

ஒரு கண்ணைத் திறந்தான். கால்மாட்டில் அம்மா, வாசலில் பெரியம்மா. "ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா? நான் தொலைஞ்சேன்" என்று எழுந்து உட்கார்ந்தான்.

தங்கைக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. அவன் கணுக்காலை விடாமலே, "அடுத்தது என்னக்கா?" என்றாள்.

"எனக்கு அவனோட பத்து வயசு வரைக்கும்தான் தெரியும். அதுக்கு மேல நீதான் சொல்லணும்."

தங்கை யோசித்தாள். "எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணி குடிப்பான். குடிக்கிற வரைக்கும் யார் பேசினாலும் சிடுசிடுப்பான்."

"அப்ப நான் தண்ணி எடுத்துட்டு வர்றேன்."

மடிப்பக்கா சமையலறைக்குப் போனாள். தம்ளர் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுத்துக்கொண்டாள்.