கம்ப்யூட்டருக்குள் கிடந்த ஹேர்பின்

அப்பா ஊருக்கு நடத்திய கேபிள் டிவியில் பிறந்தநாள் வாழ்த்துகளை ஓடவிட்ட பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்யத் திறந்தேன். கம்பெனியில் சால்டரிங் செய்யும் கைதான். உள்ளே துருப்பிடித்த ஹேர்பின் கிடந்தது. சால்டரிங் சூட்டில் தூசி கருகும் வாசனையில், அப்போது கேபிள் அறையாக இருந்த எங்கள் மத்திகிரி வீட்டு முன்னறை நினைவில் திரும்ப வந்தது.

ஏழாவது படிக்கும்போது, இந்தக் கம்ப்யூட்டரின் காற்றுத் துளையில் இருந்த தூசியை ஹேர்பினால் குடைந்து, அதை உள்ளே தவறவிட்டேன். டிவியில் ஓடிய வாழ்த்து எழுத்து நின்றுபோனது. அப்பா, வேலைக்கிருந்த மஞ்சண்ணாவைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானடா கடைசியா தொட்ட?"

"சத்தியமா இல்லண்ணா. பாப்பாவக் கேளுங்க."

நான் வாயே திறக்கவில்லை. அன்றே அவர் வேலை போனது.

இன்று கம்ப்யூட்டர் திரையில் எழுத்து மறுபடி ஓடியது.

"மஞ்சு கெடுத்தத நீ சரி பண்ணிட்டம்மா" என்றார் அப்பா.

இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. தட்டச்சு செய்தேன்: 'கெடுத்தது மஞ்சண்ணா இல்லை, நான்.'

அன்று ஊரே படித்த வாழ்த்துகள் ஓடிய இடத்தில், இன்று என் வரியை அப்பா மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.