குள்ளத் தக்காளியின் தூக்கம்

முன்னறையில் எதையோ மேசைமேல் தொப்பென்று போட்ட சத்தம் கேட்டது. முளைப்பு அறையில் குனிந்திருந்த முனிலட்சுமி நிமிரவில்லை. ஈரத்தாளில் கிடந்த கத்தரி விதைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நகர்த்தித் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். வந்திருப்பது முதலாளியே ஆனாலும் கையிலிருக்கும் தட்டு முடிகிற வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில் உள்ள சின்ன விதைக் கம்பெனி அது. முனிலட்சுமிக்கு நாற்பது தாண்டிவிட்டது. கிருஷ்ணகிரியில் தாவரவியல் படித்தவள். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், தளிப் பக்கத்து விவசாயிகளிடம் கன்னடம். கோபம் வந்தால் மட்டும் எந்த மொழியும் வராது, உதட்டை இறுக்கிக்கொண்டு விடுவாள். வீட்டுக்குப் பாசிப்பயறு வாங்கினாலும் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டி வைத்து, முளை கண்ட பிறகே மிச்சத்தை டப்பாவில் கொட்டுவாள். குழம்பில் போடுகிற பயறுக்கு எதுக்குப் பரீட்சை என்று சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கணவன் சிரிப்பான். "உசுரு இருக்குதான்னு தெரிஞ்சுக்கிட்டுத் தின்னா என்ன கொறஞ்சு போவுது?" என்பாள்.

எண்ணி முடித்து வெளியே வந்தாள். மேசைமேல் ஒரு நாற்று ட்ரே. குழிகளில் தேங்காய்நார்த் தூள்தான் இருந்தது, பச்சை ஒன்றுகூட இல்லை. அதன் பின்னால் தளிப் பக்கத்து விவசாயி நஞ்சம்மா நின்றுகொண்டிருந்தாள். முனிலட்சுமியின் உதடு தானாக இறுகியது.

அதற்குக் காரணம் போன கோடை. இந்தக் கம்பெனி ஒரு குள்ளத் தக்காளி விதையை விற்றது. செடியை உயரச் செய்யும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் அந்த ரகத்தில் கொஞ்சமாகத்தான் சுரக்கும். அதைச் சுரக்கவைக்கும் மரபணுக்களில் ஒன்று பலவீனமாக இருப்பதுதான் காரணம். அதனால் செடி முழங்காலுக்கு மேல் வளராது, இலை சிறுத்திருக்கும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும், வெயிலைப் பொறுத்துக்கொள்ளும். போர்க்கிணறு வற்றிக்கொண்டிருந்த நிலத்தில் நஞ்சம்மா அதைத்தான் நட்டாள். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று, "என்னக்கா, தக்காளி போட்டியா, தரையில கோலம் போட்டியா?" என்று கேட்டுவிட்டார். நஞ்சம்மாவுக்கு மானம் போயிற்று.

அவளுக்கு ரோஜாத் தோட்டமும் உண்டு. காம்பு நீளமாக இருந்தால்தான் பூ பெங்களூருக்குப் போகும் என்பதால், தளிப் பக்கத்தில் ரோஜாவுக்கு அந்த ஹார்மோனைத்தான் தெளிப்பார்கள். கையில் மருந்து இருந்தது, நெஞ்சில் ரோஷம் இருந்தது. தக்காளிக்கும் அடித்துவிட்டாள். செடிகள் ஒரே வாரத்தில் நெடுநெடுவென்று எழுந்தன. மார்ச் வெயில் வந்ததும் தண்ணீருக்குத் தவித்து, நின்ற வாக்கிலேயே தலை தொங்கின.

அப்போது இதே முன்னறையில் நின்று, விதையே மோசடி என்று நஞ்சம்மா சத்தம் போட்டாள். அவள் கொண்டுவந்திருந்த வாடிய செடியில் கணுவுக்குக் கணு இருந்த இடைவெளியைப் பார்த்ததுமே முனிலட்சுமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மருந்து அடித்தீர்களா என்று கேட்டாள். பிள்ளைமேல் கைவைத்துச் சொல்வதுபோல் இல்லவே இல்லை என்றாள் நஞ்சம்மா. எதற்கு வம்பு என்று முதலாளி அந்த ரகத்தையே நிறுத்திவிட்டார். மிச்ச விதையைக் குப்பையில் கொட்டிய அன்று முனிலட்சுமி மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

இப்போது அதே நஞ்சம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்து அதே குள்ளத் தக்காளி விதையில் ஒரு பிடியை மேசைமேல் வைத்தாள். இந்த வருஷமும் போரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறதாம். வேறு தக்காளி அந்த நிலத்தில் நிற்காது. பாதி விதையைப் போட்டுப் பார்த்தாள், ஒன்றும் எழவில்லை. மிச்சம் இவ்வளவுதான்.

"இதுக்கு விதை ஏது உங்களுக்கு?" என்று கேட்டாள் முனிலட்சுமி. "எல்லாந்தான் வாடிப்போச்சுன்னீங்களே."

நஞ்சம்மா காலண்டரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"மூலையில ஒரு சாலு செடி மட்டும் நின்னுச்சு லட்சுமி. டேங்குல மருந்து தீந்துபோச்சு. அங்க அடிக்கல."

ஒரு வருஷமாக முனிலட்சுமியின் நாக்கு நுனியில் காத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ! அத்தனையையும் விழுங்கிவிட்டு விதையை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள்.

"செத்துப்போச்சா?" என்றாள் நஞ்சம்மா.

"அந்தப் பேச்சு பேசாதீங்கக்கா. தூங்குது, அவ்வளவுதான். விதைக்குள்ள ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கன்னு வச்சுக்குங்க. ஒருத்தி படு படும்பா, ஒருத்தி எந்திரிம்பா. இந்த ஜாதியில எழுப்புறவளுக்குக் குரல் கம்மி."

செடியைக் குள்ளமாக்குகிற அதே குறைதான் விதையையும் எழவிடாமல் வைக்கிறது என்று விளக்கினாள். கம்பெனிப் பாக்கெட்டில் வந்த விதை முளைத்தது, அதை முனிலட்சுமி அந்த ஹார்மோன் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுத்ததால். நஞ்சம்மா வாய் பிளந்து கேட்டாள். அப்படியென்றால் மருந்து வீட்டிலேயே இருக்கிறதே, ஊற்றிக்கொள்கிறேன் என்று ட்ரேயை எடுக்கப் போனாள். முனிலட்சுமி அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்குற புள்ளைய ஒரு தடவ கூப்பிட்டு எழுப்பலாம். நாள் பூரா காதுல கத்திக்கிட்டே இருந்தா அது என்னத்துக்கு ஆவும்? உங்க கை ரோஜாவுக்கு அடிச்சு அடிச்சுப் பழகின கை. விதைய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

நஞ்சம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது கண்ணாடித் தட்டில் வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டியிருந்தது. எல்லாம் எழவில்லை. எழுந்தவற்றை முனிலட்சுமி இடுக்கியால் எடுத்து ட்ரேயின் குழிகளில் ஊன்றிக்கொண்டிருந்தாள். நஞ்சம்மா பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவை செடியானதும் குள்ளமாகத்தானே இருக்கும் என்று தயங்கிக் கேட்டாள்.

"குள்ளமாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள் நஞ்சம்மா. "கோலம் போட்டியான்னு கேட்டா, ஆமா போட்டேன், உனக்கென்னங்கிறேன்."

கூலி என்ன என்று அவள் கேட்டதை முனிலட்சுமி காதில் வாங்கவில்லை. வெளியே தளி பஸ் ஹார்ன் அடித்தது. நஞ்சம்மா ட்ரேயை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கதவைத் திறந்ததும் சாலையின் அனல்காற்று புழுதியோடு உள்ளே அடித்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த முளைகள் ஊர் போய்ச் சேருமுன் காய்ந்துவிடும்.

"நில்லுங்கக்கா" என்றாள் முனிலட்சுமி. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். குழாயில் நனைத்துப் பிழிந்து ட்ரேமேல் விரித்தாள். கைப்பகுதிகள் இரண்டையும் நஞ்சம்மாவின் முழங்கைக்கு அடியில் செருகிவிட்டாள், பச்சைக் குழந்தைக்குத் துணி சுற்றுவதைப்போல. நஞ்சம்மா படியிறங்கினாள். அவள் பஸ் ஏறுகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முனிலட்சுமி கதவைச் சாத்தினாள்.