எட்டு நாற்பத்திரண்டுக்கு உள்ளே வந்தவர்

பேயைப் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. ஆனால் அது எங்கள் அப்பார்ட்மென்ட் கேட்டுக்குள் நுழைவதாக ஒரு மாதம் என் போனுக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது. போட்டோவோடு!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்டில் மூன்று பிளாக். கேட்டில் ஒரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். செக்யூரிட்டி அதைத் தட்டினால் போதும்... 'இன்னார் உள்ளே வந்தார்' என்று நம் போனில் டிங் என்று மணி அடிக்கும்.

ஏழுமலை எங்கள் அயர்ன்காரர். சி பிளாக்கின் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டி அவருடைய தள்ளுவண்டி. வண்டலூரிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருவார். காலை எட்டு நாற்பத்திரண்டுக்கு அவருக்கான டிங் கேட்கும். அதை வைத்துத்தான் நான் குக்கரையே இறக்குவேன்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது சண்டை போட்டேன். பட்டுப் புடவையின் மடிப்பு கோணலாகிவிட்டது என்று கத்தினேன். "கோச்சுக்காதக்கா. நாளைக்கு வந்து நல்லா போட்டுத் தரேன்" என்றார்.

மறுநாள் வரவில்லை. ராத்திரியே மாரடைப்பு.

வண்டலூருக்குப் போய் மாலை போட்டேன். அவர் மனைவி தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜூ பக்கமிருந்து சிங்கம் உறுமும் சத்தம் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தெருவில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், காலை எட்டு நாற்பத்திரண்டு. டிங்!

'ஏழுமலை உள்ளே வந்தார்.'

அதே போட்டோ. நீலக் கட்டம் போட்ட சட்டை, வெயிலில் கூசி பாதி மூடிய ஒற்றைக் கண். கரண்டியும் கையுமாக ஓடிப்போய்க் காட்டினேன். "சர்வர் பிரச்சினையா இருக்கும். இட்லி ஆறுது" என்றார் என் கணவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே சர்வர் பிரச்சினைதான்.

மறுநாளும் டிங். செக்யூரிட்டி தனசேகரிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அத்த ஏன்க்கா கேக்குறீங்க... இந்த சாப்ட்வேர் ஒரே பேஜாரு. அது இஷ்டத்துக்கு இன்னாவோ காட்டிகினு கீது. கம்பெனிக்குத்தான் சொல்லணும்."

சரி, கம்பெனிக்கே சொல்லுவோம் என்று இறங்கினேன். யார் செய்த பாவமோ தெரியவில்லை.

சாட்டில் நித்யா என்று ஒருத்தி வந்தாள். பெண்ணா, மெஷினா... இன்றுவரை தெரியாது. 'ஏழுமலை இறந்துவிட்டார்' என்று டைப் செய்தேன். 'அருமை! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று பதில் வந்தது.

போன் செய்தேன். 'காத்திருக்கவும்' என்று முக்கால் மணி நேரம் வீணை. அப்புறம் ஒரு இளைஞன். "மேம், எங்க சிஸ்டம்ல அவர் இன்னிக்கு வந்திருக்கார் மேம்."

"அவர் செத்துட்டார்ப்பா. நானே போய் மாலை போட்டுட்டு வந்தேன்."

"புரியுது மேம். ஆனா உள்ளதான் இருக்கார். வெளிய போனதா என்ட்ரியே இல்ல."

அவன் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னான். நான் போனை வைத்துவிட்டேன். எங்கள் கேட்டில் உள்ளே வருவதை மட்டும்தான் தட்டுவார்கள், போவதைத் தட்டுவதில்லை... அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? தினமும் உள்ளே வருகிறார், வெளியே போகவில்லை என்றால், இருபது நாளாக எங்கே இருக்கிறார்?

பால்கனிக்கு வந்தேன். சி பிளாக் பின்பக்கத்திலிருந்து சூடான துணி வாசனை. கூடவே லேசாகக் கரிப்புகை. பட்டப்பகல்... கீழே ஸ்கூல் வேன் நிற்கிறது, யாரோ கீரை விற்கிறார்கள். போய்ப் பார்த்திருக்கலாம்தானே? பார்த்திருக்கலாம். கால் வரவில்லை. 'நாளைக்கு வந்து நல்லா போட்டுத் தரேன்' என்று என்னிடம்தானே சொல்லிவிட்டுப் போனார்? அந்தப் புடவை பீரோவில் அப்படியே கிடந்தது. பீரோவைத் திறக்கவே பயந்தேன்.

மாதக் கடைசியில் இன்னொரு டிங். 'ஏழுமலை இந்த மாதம் ஒரு நாள்கூட நேரம் தவறவில்லை. அவருக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அன்று உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன் பாருங்கள்... எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் நாகரிகமாக எழுதி, கோர்ட்டு கேஸ் என்று மிரட்டி, பதினோரு பேருக்கு அனுப்பினேன். அதிசயம்! ஒரே மணி நேரத்தில் பதில். 'நீக்கிவிடுகிறோம். உறுதி செய்ய ஏழுமலையின் போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்.'

சிரித்துவிட்டேன். செத்தவர் போனுக்கு ஓடிபியா?

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 'ஏழுமலை ஓடிபியைத் தெரிவித்தார். அவருடைய கணக்கு நீக்கப்பட்டது. நன்றி.'

கணவரிடம் நீட்டினேன். படித்தார். சர்வர் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் எட்டு நாற்பத்திரண்டு. போன் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கேட்டில் ஏதோ பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, கையில் ஒரு பையோடு நின்றது... தேவகி.

இறங்கி ஓடினேன். "நம்பர் அட்ச்சா செகப்பா வருதுக்கா. நான் இன்னா பண்றது?" என்றார் தனசேகர். இப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். புருஷனின் வேலையைத் தேவகி எடுத்துக்கொண்டாள். அவர் வந்த அதே ட்ரெயினில் வருகிறாள். புது நம்பர் வேண்டுமென்றால் போலீஸ் சர்டிபிகேட், செகரட்டரி கையெழுத்து என்று அலைய வேண்டும். பாவம் என்று தனசேகர் புருஷன் நம்பரையே தட்டி உள்ளே விட்டிருக்கிறார். என்னிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க சாப்ட்வேர் மேல் பழியைப் போட்டார்.

"இங்கதான இருந்த? ஏம்மா என்கிட்ட வந்து சொல்லல?" என்றேன்.

"அவரு போயி மூணு மாசங்கூட ஆவலக்கா. காலைல என் மூஞ்சில முழிச்சா யாருனா எதுனா சொல்லுவாங்க. அதான் பின்னாடியே இருந்துட்டேன். நாலு வூட்ல துணி குட்த்து அனுப்புறாங்க. அத்த வச்சிதான் ஓடிகினு கீது."

"அந்த ஓடிபி?"

"நேத்து அவரு போனுக்கு நம்பர் வந்துச்சிக்கா. அப்பால ஒரு பொண்ணு பேசுச்சி. ஏழுமலை நம்பர் விஷயம்னுச்சி. என் பேருக்கு மாத்தத்தான் கேக்குறாங்கன்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்கும் உதவாத அந்தக் கம்பெனி, ஒரு மாதம் வேலையே செய்யாமல் இருந்து இவளைக் காப்பாற்றியிருக்கிறது. அதை உலுக்கி எழுப்பி இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது நான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது என் புகார்தான் என்று அங்கேயே சொன்னேன். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்" என்றாள்.

மறுபடி வீணை, மறுபடி அதே இளைஞன். "நீக்கினா நீக்கினதுதான் மேம். திரும்பக் கொண்டு வரவே முடியாது." செத்தவரை ஒரு மாதம் நடமாட விட்டவர்களுக்கு இப்போதுதான் ரூல்ஸ் ஞாபகம் வருகிறது!

புது நம்பருக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். அதுவரை தேவகி என் வீட்டு விருந்தாளி. தினமும் காலையில் 'தேவகி வாசலில் இருக்கிறார், அனுமதிக்கலாமா?' என்று கேட்கும். அனுமதிக்கிறேன்.

போன வியாழக்கிழமை அந்தப் பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் அறைப் பக்கம் போனேன். மணி பத்து இருக்கும். தேவகி தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

டிங்!

'ஏழுமலை உள்ளே வந்தார். நேரம்: 8.42.'

நீலக் கட்டச் சட்டை. பாதி மூடிய கண். நீக்கியாயிற்று, திரும்பக் கொண்டு வரவே முடியாது என்றார்களே? தனசேகருக்குப் போன் போட்டேன். "எங்கம்மா சத்தியமா நான் கை வெக்கலக்கா!" இந்த முறை அவர் குரலில் பொய் இல்லை. பயம் இருந்தது.

"இன்னாக்கா?" என்றாள் தேவகி. என்ன சொல்வது என்று தெரியாமல் போனைக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். போட்டோவையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"வன்ட்டாரா" என்றாள், தினமும் கேட்பதுபோல. போனைத் திருப்பிக் கொடுத்தாள். புடவையைப் புரட்டிப் போட்டு மடிப்பை நீவ ஆரம்பித்தாள்.

போட்டோவுக்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள் காலியாக இருந்தன. ஐந்தையும் அழுத்தினேன்.

கம்பெனிக்கு? இந்த முறை நான் புகார் கொடுக்கவில்லை.