ஐந்தாவது கம்பி

பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிகள் போதும் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. யாரும் கேட்காமலே சொல்வேன். ஐந்து கம்பியோ ஆறு கம்பியோ உள்ள பேஸை யாராவது மேடையில் தூக்கிக்கொண்டு வந்தால், நான்கில் வராதது ஆறில் வந்துவிடுமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பேன். அவரும் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். பேஸ் கிட்டாரைப் பற்றி மனிதர்களுக்குப் பொதுவாகக் கருத்து எதுவும் கிடையாது.

நான் கட்கி என்ற மராத்தி ஊரில் பிறந்த தமிழன். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கல்லூரியில் கிட்டார் வாசிக்க மூன்று பேர் போட்டி போட்டார்கள். பாட்டின் அடியில் தாழ்ந்த சுரம் வாசிக்கும் பேஸ் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. அப்படித்தான் அது என் கைக்கு வந்தது. வந்தது போகவில்லை. இப்போது பக்கத்திலேயே மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. அதே அலுவலகத்து ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழு வைத்திருக்கிறோம்: ஒருவர் கீபோர்டு, ஒருவர் டிரம்ஸ், நான் பேஸ், ஒரு பெண் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம்மர் குடியிருக்கும் அடுக்குமாடி டவரின் கிளப் ஹவுஸில் ஒரு அறையைத் திறந்து கொடுப்பார்கள். பத்து மணிக்கு யோகா வகுப்பு வந்துவிடும். அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

பாடுகிறவள் கோயம்புத்தூர்க்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். பாடுவதற்கு முன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைப்பாள். பாடும்போது கையை ஆட்டுவது, தலையை அசைப்பது எதுவும் இல்லை; வங்கி வரிசையில் நிற்பவள் போல நிற்பாள். ஆனால் மேலே ஏறும் இடங்களில் அந்தக் குரல் கொஞ்சம்கூட மூச்சு வாங்காமல் ஏறும். எங்கள் கீபோர்டுக்காரர் மெட்டமைத்த ஒரு பாட்டு இருந்தது. மகளை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் ஒரு தாயைப் பற்றியது. அதை அவள் மூன்று கட்டைச் சுருதியில் பாடுவாள். அந்தப் பாட்டுக்காகவே எங்களைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

அந்தக் காலத்தில்தான் கேம்ப் பகுதியில் ஒரு சர்ச்சின் ஆண்டு விழாவில் அந்தப் பல் டாக்டரைப் பார்த்தேன். மராத்திக்காரர், ஐம்பது வயதை ஒட்டியவர், மிஞ்சினால் ஐந்தடி உயரம். அவர் கழுத்தில் ஆறு கம்பி பேஸ் ஒன்று தொங்கியது. அதன் கழுத்துப் பகுதி அவருடைய உள்ளங்கையைவிட அகலம். வாசித்து முடித்து அவர் டீ குடிக்க வந்தபோது நான் போய், நன்றாக இருந்தது என்று மராத்தியில் சொல்லிவிட்டு, என் வாயை அடக்க முடியாமல், ஆனால் ஆறு வேண்டுமா என்றும் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்களுக்குப் பல் எத்தனை?" என்றார்.

முப்பத்திரண்டு என்றேன்.

"எல்லாவற்றாலும் மெல்லுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைத்தார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். என் கருத்து மாறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் பாடகிக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. தைராய்டுக் கட்டி. கட்டி ஆபத்தானது இல்லை என்று தெரிந்து எல்லோரும் நிம்மதி அடைந்தோம். ஆனால் குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று பலவீனப்பட்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேசுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. சளி பிடித்தது போல லேசான கரகரப்பு, அவ்வளவுதான். இரண்டரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பாட்டையே எடுத்தோம். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது. அவள் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி பாடினாள். மறுபடியும் காற்று. நாங்கள் மூவரும் அவரவர் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறைக்குப் பிறகு அவளே சொன்னாள்: "கட்டையக் கொறச்சுப் பாக்கலாங்களாண்ணா?"

கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டு கட்டைக்கு இறக்கினோம், இன்னும் இடித்தது. ஒரு கட்டைக்கு வந்தபோது அவள் குரல் உட்கார இடம் கிடைத்தது போல அமர்ந்தது. பழைய குரல் இல்லை அது. மெலிவு போய், ஒரு கனம் வந்திருந்தது. வார்த்தைகளின் ஓரத்தில் சின்ன பிசிறு. மகளை விட்டுவிட்டு வரும் தாய் இப்படித்தான் பாடுவாள் என்று எனக்குப் பட்டது. இவ்வளவு வருடம் அந்தத் தாயின் வயது எங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

சிக்கல் என்னிடம்தான் இருந்தது. நான்கு கம்பி பேஸில் மிகத் தாழ்ந்த சுரம் சரியாக மூன்று கட்டை. அதற்குக் கீழே இடமே கிடையாது. பாட்டு ஒரு கட்டைக்கு இறங்கியதும் நான் அந்தச் சுரத்தை மெல்லிய கம்பியில், மேல் ஸ்தாயியில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் கீழே போக, நான் மேலே போனேன். பாட்டு தரையில் கால் பாவாமல் ஆடியது. சரி, தடித்த கம்பியையே தளர்த்திப் பார்ப்போம் என்று முறுக்காணியைத் திருகினேன். ஒரு கட்டைக்கு வருவதற்குள் கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து, தொட்ட இடமெல்லாம் படபடவென்று அடித்தது. டிரம்மருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"எனக்கோசரம் நீங்க எல்லாரும் சிரமப்படாதீங்கண்ணா. வேற யாரையாச்சும் பாட வெச்சுக்கங்க" என்றாள். அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, யோகாவுக்கு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அவள் தன்னால்தான் பாட்டு கெட்டது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தாள். அவள் குரல் தனக்கு வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த இடம் என் கையில் இருந்த வாத்தியத்தில் இல்லை. விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தலாம். ஆனால் சொல்லிவிட்டு மறுபடி அந்தத் தொய்ந்த கம்பியையா வாசிப்பது?

வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனேன். பல் டாக்டரின் கிளினிக்கைத் தேடிப் பிடித்து உள்ளே போனால், வரவேற்பில் இருந்த பெண் எந்தப் பல் என்று கேட்டாள். பல் இல்லை, கிட்டார் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கு நடுவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டருக்கு என்னை நினைவிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். போன தடவை பேசியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. எந்தக் கட்டை என்று மட்டும் கேட்டார். பிறகு மாடியில் இருந்த தன் வீட்டுக்குப் போய் ஐந்து கம்பி பேஸ் ஒன்றை உறையோடு எடுத்து வந்தார். அதன் ஐந்தாவது கம்பி நான் வைத்திருந்த தடித்த கம்பியைவிடவும் தடிமன். கழுத்துப் பகுதியின் முதல் கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினால் அதுதான் ஒரு கட்டை.

சிகிச்சை நாற்காலியில் என்னை உட்கார வைத்து, மடியில் கிட்டாரைக் கொடுத்து, ஒரு விஷயம் காட்டினார். கம்பி அதிகமானால் வாசிப்பது அவ்வளவு சிரமம் இல்லையாம். வாசிக்காத கம்பியைச் சும்மா இருக்கவைப்பதுதான் சிரமமாம். ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக முனகும். அதனால் வலது கட்டைவிரலை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஐந்தாவது கம்பியில் சாய்த்து வைத்து, கீழே இறங்க இறங்க அதையும் கூடவே இறக்க வேண்டும். அவர் வாசித்துக் காட்டியபோது கட்டைவிரல் நகர்வதே தெரியவில்லை. நாள் முழுக்க ஒரு சின்ன கண்ணாடியை வைத்துக்கொண்டு மனிதர்களின் கடைவாயில் வேலை செய்யும் கை. அந்தச் சின்ன விரல்களுக்கு அகலமான கழுத்து தடையே இல்லை. நான் இத்தனை வருடம் சொல்லிவந்த காரணங்களில் பாதி அங்கேயே போயிற்று. எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை.

மூன்று வாரம் வீட்டில் பயிற்சி செய்தேன். இருபது வருடப் பழக்கத்தில் என் கை மேலே இருக்கும் கம்பியைப் பழைய தடித்த கம்பி என்றே எண்ணிக்கொண்டது. தெரிந்த பாட்டெல்லாம் தப்பான கம்பியில் ஆரம்பித்தது. எடையும் அதிகம், இடது தோள் இரண்டு நாளுக்கு ஒருமுறை வலித்தது. மிகத் தாழ்ந்த சுரத்தை அழுத்தினால் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடின. என் மனைவி வேலூர் பக்கம். முதல் நாள் வாசலுக்கு ஓடிவந்து, ரயில் ஏதாவது தடம் மாறி வருகிறதா என்று பார்த்தாள். அப்புறம் பழகிவிட்டது. ஒரு நாள் ரொட்டி சுட்டுக்கொண்டே, "இன்னாங்க, இப்போ டம்ளர் ஆடல, தட்டு மட்டும்தான் ஆடுது. தப்பா வாசிச்சீங்களா?" என்று கேட்டாள். தப்பாகத்தான் வாசித்திருந்தேன்.

பாடகியை வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அலுவலகத்தில் பார்த்தால் நன்றாகப் பேசுவாள். பாட்டு என்றால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். ஒரு மாலை போன் செய்து, இதைக் கேள் என்று போனை ஒலிபெருக்கி ஆம்ப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். ஒரு நிமிடம் கழித்து, "டொக் டொக்னு ஏதோ கேக்குதுங்க, ஆணி அடிக்கிறீங்களா?" என்றாள். அவ்வளவு தாழ்ந்த சுரம் போனுக்குள் போகாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "போன்ல வராதுமா. நேர்ல வந்து ஒரு தடவை கேளு. புடிக்கலைன்னா நான் அப்புறம் கூப்பிடவே மாட்டேன்" என்றேன்.

ஞாயிறு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, கதவருகிலேயே நின்றாள். பாட்டின் ஆரம்பத்தில் என் சுரம் ஒன்று தனியாக வரும். ஐந்தாவது கம்பியில், முதல் கட்டத்தில், அதை வாசித்து நீள விட்டேன். அறையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அவள் தரையைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். ஆம்ப் பக்கத்தில் வந்து நின்று, கீபோர்டுக்காரர் சைகை காட்டும் முன்பே ஆரம்பித்தாள்.

பாடி முடித்ததும் அவள் சொன்னாள்: "கால்ல தெரியுதுங்கண்ணா. ஆபரேசனுக்கு அப்புறம் எங் கொரல் எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு. இப்ப தெரியுது."

தை மாதம் டவர்களுக்கு நடுவே இருக்கும் புல்வெளியில் பொங்கல் விழா. நான்கு மணி வெயிலில் பாடினோம். கோயம்புத்தூரிலிருந்து அவளுடைய அம்மா வந்திருந்தார். சிகிச்சைக்குப் பிறகு மகள் பாடி அவர் கேட்டதில்லை. பல் டாக்டரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டில் என் கட்டைவிரல் நழுவி ஐந்தாவது கம்பி நன்றாக முனகிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை, டாக்டரின் புருவம் மட்டும் உயர்ந்தது. மூன்றாவதாக அந்தப் பாட்டு. அவளுடைய அம்மா மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிக்குப் பிறகு அந்தக் கை நின்றுவிட்டது. முடிந்ததும் கைதட்டல் வழக்கம் போல்தான் இருந்தது. அம்மா மட்டும் மேடை ஓரத்துக்கு வந்து, இன்னொரு தரம் பாடச் சொல்லுங்க தம்பி என்று என்னிடம் கேட்டார். பாடினோம்.

பிறகு நானே ஒரு ஐந்து கம்பி பேஸ் வாங்கிக்கொண்டு, டாக்டருடையதைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கப் போன அன்று அவருடைய ஆறு கம்பியையும் மடியில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அது ஒத்து வரவில்லை; கைக்கு வழி தெரியவில்லை. அவர் வாங்கி, மெல்லிய கம்பிகளில் மூன்று மூன்று சுரங்களாகச் சேர்த்து வாசித்தார். அடியில் ஒருவரும் மேலே ஒருவரும் வாசிப்பது போல இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

கூடுதல் கம்பி தேவையா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்வதென்றால், நாங்கள் வாசிக்கும் பாட்டுகளில் பத்துக்கு எட்டில் என் ஐந்தாவது கம்பி கட்டைவிரல் சாய்ந்துகொள்ளத்தான் உதவுகிறது. துள்ளலான பாட்டுகளுக்குப் பழைய நான்கு கம்பியையே எடுத்துக்கொள்கிறேன், அது இலகு. தோள் வலி இன்னும் இருக்கிறது. இருந்தாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். எந்தக் குரலுக்கு எப்போது எந்த இடம் தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

இந்த வருடம் அவள் குரல் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. போன மாதம் பயிற்சியில் மூன்று கட்டையில் ஒரு துள்ளலான புதுப் பாட்டைச் சுலபமாகப் பாடினாள். கீபோர்டுக்காரர் உற்சாகமாகி, அந்தப் பழைய பாட்டையும் மூன்று கட்டைக்கே ஏற்றிவிடலாமா என்றார். அவள் ஆம்ப் பக்கம் வந்து நின்றாள்.

"வேண்டாங்க. அது ஒரு கட்டையிலயே இருக்கட்டும்" என்றாள். "அங்கதான் அது நல்லா இருக்குது."

நான் நான்கு கம்பியை வைத்துவிட்டு ஐந்து கம்பியை எடுத்துக்கொண்டேன்.